வெள்ளைக்குள் வெள்ளை

"பிள்ளை, இது கேக்கோ, பிரிட்ஜோ?"

போன வருடம் நேசமலர் அன்ரி ஒரு கலியாண அல்பத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சுபோதினியிடம் கேட்ட கேள்வி இது. அன்ரியின் மூத்த பெறாமகளுடைய, அதாவது தங்கச்சி மகளுடைய, கலியாணம். படத்தில் மாப்பிள்ளை நின்றார், பொம்பிளை நின்றாள், நடுவில் உயரமாக, வெள்ளையாக, வழுவழுவென்று ஏதோ ஒன்று நின்றது. வெளிச்சம் கூடியதில் ஐசிங் பூக்கள் எல்லாம் ஒரே வெள்ளையாகக் கரைந்திருந்தன. படம் எடுத்தவளே சுபோதினிதான். கதவு சாத்திய பிரிட்ஜ் என்றுதான் அவளுக்கும் பட்டது.

"ஒவ்வொரு இதழா இந்தக் கையால வச்சனான்" என்று அன்ரி கையை நீட்டிக் காட்டினார்.

கொழும்பில் கலியாணக் கேக் என்பது பெரும்பாலும் றெஜிபோமில், அதாவது தெர்மோகோலில், ஐசிங் பூசிய கோபுரம். வாடகைக்கு வரும். வெட்டுவதற்கு மட்டும் அடியில் ஒரு துண்டு உண்மையான கேக் வைத்திருப்பார்கள். அந்தக் கோபுரத்தின் பேச்சை எடுத்தாலே அன்ரிக்கு முகம் சுளிக்கும்.

"ஆரின்ரையோ கலியாணத்தில நிண்டதை எங்கட பிள்ளைக்கு வைக்கிறதோ? அது எச்சில் கேக்."

அவர்கள் குடும்பத்துக் கேக் எல்லாம் அன்ரியின் கைவேலை. கிருலப்பனையில் தன் வீட்டுக் குசினிக்குள் ஒரு காக்காக் குஞ்சைக்கூட விடாமல் செய்து, விடியற்காலையில் துணி போர்த்தி வான் பிடித்துக் கொண்டுவந்து இறக்குவார். தொட விடமாட்டார்.

இப்போது இளைய பெறாமகள் ரூபிகாவின் முறை. ரூபிகா சுபோதினியோடு ஒரே வகுப்பில் இருந்தவள். "படம் சுபோ எடுத்தாத்தான் நான் சீலை உடுப்பன்" என்று அடம்பிடித்துவிட்டாள்.

அன்ரி சம்மதித்தார். சம்மதித்த கையோடு சுபோதினியைத் தனியே கூப்பிட்டார்.

"வெள்ளைக்குள்ள வெள்ளை தெரியவேணும், பிள்ளை. ஒவ்வொரு பூவும். இந்த முறையும் பிரிட்ஜ் வந்துதெண்டால், வெள்ளவத்தையில ஒரு கலியாண வீட்டுப் படியும் நீ மிதிக்க மாட்டாய்."

அது வெறும் மிரட்டல் இல்லை. வெள்ளவத்தையில் பாதிக் கலியாணங்கள் அன்ரியின் தொலைபேசி வழியாகத்தான் நடந்தன.

சுபோதினி படித்துக்கொண்டு வந்திருந்தாள். வெளிச்சம் கூடி எரிந்துபோன இடத்தை எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது. இருட்டாக எடுத்ததைப் பிறகு கம்பியூட்டரில் தூக்கிவிடலாம். எரியப்போகிற இடத்தைக் கமராவே காட்டிக்கொடுக்கும்; அந்த இடம் பின்திரையில் கறுப்பாகக் கண் சிமிட்டும். சிமிட்டல் நிற்கும்வரை வெளிச்சத்தைக் குறைத்தால் சரி.

மாலை வரவேற்புக்கு ஹோல் நிரம்பியது. ரூபிகாவின் ஒஃபிஸ் சிநேகிதி ஷபீகா தன் கணவர் ஜவாத்தோடும், அவருடைய உம்மாவான மாமியோடும் வந்தாள். கேக்கைக் கண்டதும் மாமியின் நடை ஒரு கணம் நின்றது.

"வாங்கோ, முன்னுக்கு இருங்கோ" என்றார் நேசமலர் அன்ரி. "கேக் எப்பிடி? என்ர கைவேலை."

"மாஷா அல்லாஹ்" என்றார் மாமி. "நாங்க பின்னுக்கே இருக்கம். எனக்கு ஏசி காத்து ஒத்துக்காது."

பின்னால்தான் ஏசி இருந்தது.

ரூபிகாவும் மாப்பிள்ளை அபிஷனும் கேக்குக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். சுபோதினி ஒரு படம் எடுத்தாள். கேக் முழுக்கக் கண் சிமிட்டியது. வெளிச்சத்தைக் குறைத்தாள். பாதிக் கேக் சிமிட்டியது. இன்னும் குறைத்தாள். சிமிட்டல் நின்றது.

அவள் மூச்சு விடுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கரண்ட் போயிட்டுதோ?"

ரூபிகாவின் மாமா வரதராசா. எடுக்கிற படம் உடனுக்குடன் தெரியட்டும் என்று மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை ஒன்று பூட்டுவித்தவர் அவர்தான். அந்தத் திரையில் இப்போது அழகான கேக் ஒன்றும், அதன் இரண்டு பக்கமும் இரண்டு நிழல்களும் நின்றன.

"சுபோ, மேக்கப்புக்கு விடியவே எழும்பினனான்" என்றாள் ரூபிகா. "என்ர மூக்கு எங்க?"

"இருக்கு, பிறகு எடுத்துத் தருவன்."

"மூக்கையோ?" என்றான் அபிஷன்.

முகத்துக்காக சுபோதினி பிளாஷைப் போட்டாள். முகம் வந்தது, பிளாஷ் கேக்கில் பட்டு மறுபடி சிமிட்டியது. கேக்குக்காக மேலும் குறைத்தாள். மூக்கு மறுபடி போனது.

வரதராசா மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "இந்தப் பிள்ளைக்கு லைற் காணாது" என்று ஹோலில் இருந்த சுவிச் அத்தனையையும் போடுவித்தார். மேடை மத்தியான வெயிலடிக்கிற கோல் றோட்டாக மாறியது. கேக் மேலிருந்து கீழ்வரை பேய் பிடித்ததுபோல் சிமிட்டியது. சுபோதினி குறைக்கக்கூடிய கடைசி மட்டும் குறைத்தாள்.

திரை கிட்டத்தட்டக் கறுத்தது. பழுதாகிவிட்டது என்று நினைத்து ஹோலின் மின்சார வேலைக்காரர் ஓடிவந்தார். பின்பக்கம் கையை விட்டு, திரையின் பிரகாசத்தை உச்சத்தில் வைத்தார். "ஹரி, மிஸ்" என்று சிங்களத்தில் சரி சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

"என்ன பிள்ளை, பிரிட்ஜோ?" என்றார் நேசமலர் அன்ரி, காதுக்குக் கிட்ட.

சுபோதினி கமராவை இறக்கினாள். அப்போதுதான் அவளுக்கு வீட்டுச் சுவர் நினைவுக்கு வந்தது. நேரே வெளிச்சம் அடிக்கும்போது சுவர் ஒப்பமாகத்தான் தெரியும். பின்னேரம் பக்கத்து யன்னலால் வெயில் சரிந்து விழும்போதுதான் ஒவ்வொரு மேடும் பள்ளமும் எழும்பி நிற்கும்.

வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் ஒரு சபையில் குரலை உயர்த்தினாள்.

"எல்லா லைற்றையும் நிப்பாட்டுங்கோ."

வீடியோக்காரரின் விளக்கை மட்டும் வாங்கி, கேக்குக்கு ஒரு பக்கத்தில், சரிவாக வைத்தாள். ரூபிகாவை விளக்குப் பக்கம் திருப்பினாள். எடுத்தாள். ஒரு சிமிட்டலும் இல்லை.

திரையில் படம் விழுந்தது. ஹோலே வாயைத் திறந்தது. மூக்கு இருந்தது. மூக்குத்தியும் இருந்தது. கேக்கில் ஒவ்வொரு பூவும் எழும்பி நின்றது; இதழின் மடிப்பு, மடிப்பின் நிழல், எல்லாம் வெள்ளைக்குள் வெள்ளையாக.

"பாத்தியளோ?" என்றார் நேசமலர் அன்ரி, சபையைப் பார்த்து. கண் கலங்கியிருந்தது. சுபோதினியின் கன்னத்தைத் தடவினார். "இனி எங்கட ஆக்களின்ர எல்லாக் கலியாணமும் உனக்குத்தான்."

கைதட்டல் ஓயவும் வரதராசா மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார்.

"நேசம், இரண்டாம் தட்டில என்னவோ எழுதியிருக்கு."

எல்லோரும் கேக்கைப் பார்த்தார்கள். மறுபடி போட்ட ஹோல் வெளிச்சத்தில் கேக்கில் ஒன்றும் தெரியவில்லை. திரையைப் பார்த்தார்கள். பூசிய ஐசிங்குக்கு அடியிலிருந்து பழைய எழுத்துகள், சரிந்த வெளிச்சத்தில், நரம்பு புடைத்ததுபோல் எழும்பி நின்றன.

மாமா எழுத்துக்கூட்டினார். "ஜ... வாத். ஷ... பீகா. ஆரப்பா இவை?"

நேசமலர் அன்ரியின் கை சுபோதினியின் கன்னத்திலேயே நின்றுவிட்டது.

"அது... ஒரு டிசைன்" என்றார்.

அபிஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினான். ரூபிகா கேக் வெட்டும் கத்தியால் இரண்டாம் தட்டில் மெல்லத் தட்டினாள். றெஜிபோம் டொக் என்றது.

பின்வரிசையில் ஷபீகா எழும்பி நின்றாள். அவள் அன்ரியையோ ரூபிகாவையோ பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள், பிறகு மெதுவாக, பக்கத்துக் கதிரையைப் பார்த்தாள்.

"மாமி, எங்கட கலியாணக் கேக்க ராவு ராவா முழிச்சு நீங்கதானே செஞ்சீங்க?"

மாமி கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி வெளியே போனார்.