பிரெஞ்சு ஓவியருக்கு நான் எழுதிய வரவேற்புப் பலகை

ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டவன் நான். லொறிகளுக்குப் பெயர் எழுதுவது தொழில். கட்டுரை எழுதத் துணிந்ததைப் படித்தவர்கள் மன்னிக்க வேண்டும். (மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் பேனாவைப் பிடுங்கி விடுவாள்.)

பிரான்சிலிருந்து ஒரு சித்திரக்கதை ஓவியர் அப்புத்தளைக்கு வந்திருந்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலைக்கும் ஒரு மணி நேரம் வருவதாகச் சொல்லியனுப்பினார். வரவேற்புப் பலகை என் பொறுப்பு. எனக்கு வேறொரு ஆசையும் இருந்தது. யாருக்கும் காட்டாமல் நானும் சித்திரக்கதை வரைகிறேன். அதில் நாலு பக்கத்தை அவரிடம் நீட்டி, ‘இது தேறுமா’ என்று கேட்க வேண்டும். அதைக் கேட்க எனக்கு உலகத்தில் வேறு ஆள் இல்லை.

மகள் போனில் அவரைப் பற்றித் தேடிக் கொடுத்தாள். அவர் படங்களெல்லாம் கறுப்பு வெள்ளை. ஆகவே அவர் முகத்தையும் கறுப்பு வெள்ளையில் பெரிதாக வரைந்தேன். கீழே அவர் கடந்து வந்த பாதை: பேக்கரி வேலை, சிறுவர் பத்திரிகையில் பூனைப் படம், பிறகு இருபது புத்தகம். இடது பக்கம் பிறந்த திகதி. வலது பக்கம் வெறுமையாகத் தெரிந்ததால் அவர் வருகிற திகதி. (அழகுக்காகத்தான்.)

“அண்ணே, மாலை கசங்கிரும், இதுல மாட்டி வைக்கிறேன்” என்று வாசிகசாலைச் செயலாளர் செல்வம், அவருக்கு வாங்கிய மாலையைப் பலகையில் மாட்டினான். முன்னால் குத்துவிளக்கையும் ஏற்றி வைத்தான்.

கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் அதைப் பார்த்ததும் தலைத்துணியை எடுத்துவிட்டு வரிசையாக நின்றார்கள்.

“எந்தத் தோட்டத்து தொரைங்க? பாவம், நல்ல களையான மொகம்” என்றார் மாரியாயி அக்கா.

அப்போதுதான் நான் வரைந்தது என்னவென்று எனக்கே விளங்கியது. கழற்றுவதற்குள் வேன் வந்துவிட்டது.

ஓவியர் பலகையை நெடுநேரம் பார்த்தார். இன்றைய திகதி எதற்கு என்று, கூட வந்த கொழும்புப் பெண் மூலம் கேட்டார். ‘நீங்கள் வந்த நாள்’ என்று சொல்ல வாயெடுத்தேன். மாரியாயி அக்கா முந்திக்கொண்டார்.

“ஏம்மா, இவரு செத்தவருக்குக் கூடப் பொறந்தவரா? அச்சு அசலா இருக்காரு.”

அந்தப் பெண் அதையும் மொழிபெயர்த்தாள்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். மர வாங்கில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

“போன வருசம்தான் இவருக்கு நெஞ்சில ஒப்பரேசன் செஞ்சது” என்றாள் அந்தப் பெண்.

நான் பலகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். (கால் இரண்டும் வெளியே தெரிந்ததாம்.) கொஞ்ச நேரத்தில் வேன் திரும்பிப் போனது. அவரிடம் காட்ட வைத்திருந்த நாலு பக்கமும் என் சட்டைக்குள் வியர்வையில் ஒட்டிக் கிடந்தன.

இன்றும் வீட்டில் யாராவது போட்டோ எடுத்தால், “அப்பாகிட்ட மட்டும் குடுத்துறாதீங்க, காரியம் பண்ணிருவாரு” என்பாள் மகள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தேறுமா என்று இதுவரை யாரிடமும் கேட்கவில்லை.

வேன் வந்து போன மறுநாளே அந்தப் பலகைக்கு வெள்ளை பூசி, வெலிமடையில் ஒரு உருளைக்கிழங்குக் கடைக்குப் பெயர் எழுதிக் கொடுத்தேன்.