குமிழாட்சி கவிழ்ந்த படலம்

வாழ்க லூர்து மேரி! விடியுமுன் நெற்றியில் விளக்கணிந்து, கொசுப்பெரும்படை பிளந்து, பால்மரக் கானகத்துள் தனியொருத்தியாய்ப் புகும் வீரத்திருமகள் வாழ்க! பீடோங் சந்தையில் மீன்காரனைப் பேச்சிழக்கச் செய்த சொல்லின் செல்வி வாழ்க! அந்தோணிதாஸுக்கு மனைவியாகிப் பல்லாண்டு கடந்தும் சிரிப்பு மாறாத நெஞ்சுரத்தாள் வாழ்க, வாழ்க!

நாற்காலில் நின்றருளும் மரப்பேழையே, கதவு திறந்தால் கறுப்பும் வெளுப்புமாய் உலகம் காட்டும் ஒளிமுகத்துத் தொலைக்காட்சித் தாயே, இக்கதையைப் பிழையின்றிச் சொல்ல எமக்கு நாவன்மை தருவாய்!

சிடாம் கிரிக்கு அருகே, ரப்பர் மரங்கள் நிரைநிரையாய்ப் படைவீரர்போல் அணிவகுத்து நிற்கும் தோட்டமொன்றில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் ஆண்டில் விளங்கிய ஆட்சிமுறையை முதலில் உரைப்போம். நாட்டுக்குப் பேரரசர் இருந்தார், அமைச்சரவை இருந்தது, குன்றின்மேல் பங்களாவில் துரை இருந்தார். இவர் எவரும் தோட்டத்து மனமகிழ் மன்றத்தை ஆளவில்லை. அதை ஆண்டவர், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் பக்கிரிசாமி. வாளாலன்று, வாக்காலுமன்று, குமிழால் ஆண்டார்.

குமிழ் என்றது யாதெனின், மன்றத்துத் தொலைக்காட்சியில் அலைவரிசை மாற்றும் திருகுகுமிழ். அது கழன்று விழுந்த நன்னாளில் அதைக் கண்டெடுத்து மேற்சட்டைப் பையில் இட்டவர் பக்கிரிசாமி. அன்றுமுதல் அவர் சட்டைப்பையே செங்கோலின் உறைவிடமாயிற்று. அவர் வந்து திருகினால் உலகம் மாறும். வராவிடில் உலகம் மாறாது. குறடு கொண்டு திருகத் துணிந்த கலகக்காரன் ஒருவன் மின்சாரம் தாக்கி வாரமெல்லாம் கைநடுங்கித் தேநீர் சிந்தித் திரிந்தபின், புரட்சி என்னும் சொல்லே அந்நாட்டில் வழக்கொழிந்தது.

மன்றத்து உறுப்பினர் ஆடவரே. அவர்களுக்கு அமரப் பலகைகள் உண்டு. பெண்டிரோ வெளியே சன்னல்தோறும் முகம் பதித்து, கெடா மாநிலத்து மழையெல்லாம் முதுகில் வாங்கி, ஆடவர் எதைக் கண்டனரோ அதையே கண்டனர்.

இவ்வாறு யுகங்கள் கழிய, ஒரு சனிக்கிழமை அந்தியில், ஓர் அலைவரிசையில் தமிழ்ப்படமும் மற்றொன்றில் கோலாலம்பூர்ப் பந்தாட்டமும் ஒரே பொழுதில் வருவதாக அமைந்தது. பக்கிரிசாமி பந்தாட்டம் என்று பிரகடனம் செய்தார். அச்செய்தி தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் பரவியபோது, அடுப்புகள் தாமே சீறின; அரிவாள்மணைகள் தாமே நிமிர்ந்தன.

சன்னல்வழி நோக்கியவர் பலர்; வாயில்வழி நுழைந்தவள் லூர்து மேரி! அவள் பின்னே, இடுப்பிலொன்றும் கையிலொன்றுமாய் மக்களைச் சுமந்த, ஆயாக்கொட்டகையில் பிள்ளை காக்கும் நவமணி. அவள் பின்னே, பால்மரம் சீவும் வெட்டுமரத்துப் பெண்டிர் அனைவரும். யாவர்க்கும் கடைசியில், புல்வெட்டும் கைம்பெண் பிச்சையம்மாள், உள்ளே கால்வைக்கலாமா என்று ஐயுற்றவளாய்.

“என்னாது இது? பொம்பளைங்க வெளிய நில்லுங்க லா,” என்றார் பக்கிரிசாமி.

“மண்டோரண்ணே, படமா பந்தான்னு ஓட்டு வைங்க. நாங்களும் போடுவோம்,” என்றாள் லூர்து மேரி.

“கிளப்புல பொம்பளைக்கு ஓட்டு இல்ல.”

“போன வருஷம் எலெக்ஷன்ல நம்ம தொகுதி மெம்பர் ஒய்.பி. வந்து, ‘தங்கச்சி, ஒங்க ஓட்டு’ன்னு என்னைத்தானே கும்பிட்டாரு? நாட்ட யாரு ஆளணும்னு நான் சொல்லலாம், டிவிய எங்க திருகணும்னு சொல்லக் கூடாதா? ரேடியோவுல கேக்கலியா? இது ஒலகத்துக்கே பொம்பளைங்க வருஷமாம். ஐ.நா. சபையே சொல்லிருச்சு!”

“ஐ.நா. சபை இந்தத் தோட்டத்துல இல்ல!” என முழங்கினார் குமிழ்வேந்தர்.

அப்போது ஆடவர் வரிசையிலிருந்து ஒரு செருமல் எழுந்தது. செருமியவன் அந்தோணிதாஸ். திருமண நாளில் பாதிரியாரிடம் ‘சம்மதம்’ என்றபின் அவன் பலர்முன் வாய்திறந்தது இதுவே முதன்முறை. “மேரி சொல்றது ஞாயந்தான்,” என்றான். பலகை முழுதும் திரும்பி அவனைத் துரோகியென நோக்கியது. நோக்கிய கண்களில் சிறிதே பொறாமையும் இருந்தது, ஏனெனில் இன்றிரவு சுடுசோறு கிட்டுவது அவன் ஒருவனுக்கே என்பதை அனைவரும் உணர்ந்தனர். உணர்ந்த மாத்திரத்தில், “போடட்டும், போடட்டும்” என்று பலகைகள்தோறும் நீதியுணர்வு பொங்கிப் பெருகியது.

தோல்வி கண்ட வேந்தர் தம் இறுதி அம்பை எடுத்தார். “சரி. நாட்டுல ஓட்டு உள்ளவங்க போடட்டும். பிச்சையம்மா செவப்பு ஐ.சி. அதுக்கு எங்கயுமே ஓட்டு கெடையாது. அது வெளிய போவட்டும்.”

நீல அடையாள அட்டை உடையோர் குடிமக்கள். சிவப்பு உடையோர் வாழலாம், உழைக்கலாம், வாக்களிக்கலாகாது.

“நான் இதே தோட்டத்துலதான் பொறந்தேன்,” என்றாள் பிச்சையம்மாள், யாரையும் பாராமல். “எங்கப்பாவுக்குப் பொறப்பு பத்திரம் எடுக்கத் தெரியல. பரவால்ல மேரி, நீங்க போடுங்க. நான் சன்னல்ல நின்னுக்கிறேன். பழக்கந்தான்.”

அவள் திரும்பி நடந்தாள். அச்சிறு முதுகைக் கண்ட லூர்து மேரியின் நெஞ்சு எரிமலையாயிற்று. ஓடிச்சென்று அவள் கையைப் பற்றி இழுத்துவந்து, தொலைக்காட்சித் தாயின் திருமுகத்தின் முன்னே, திரையை மறைத்து, மலைபோல் அமர்ந்தாள். “பிச்சையக்கா போடலன்னா யாரும் போடல. யாரும் பாக்கல!”

பெண்படை முழுதும் அவளருகே அமர்ந்தது. பக்கிரிசாமி குமிழைச் செருகித் திருகினார். ஆரவாரம் கேட்டது, ஊதல் கேட்டது, கோலாலம்பூர் கூவியது, ஆயின் கண்டவை கொண்டைகளே! வலப்புறம் கொண்டை, இடப்புறம் கொண்டை, இரண்டு கொண்டைகளின் இடையே யாரோ ஒருவனுடைய முழங்கால். பந்து எங்கே, பாய்ந்தவன் எவன், ஒன்றும் அறியாது ஆடவர் எழுந்தும் குனிந்தும் பலகைமேல் ஏறியும் தவித்தனர். நவமணியின் பிள்ளை ஒன்று திரும்பி அவர்களைப் பார்த்துச் சிரித்தது. கூச்சல் வெடித்தது: “அதும் போட்டுட்டுப் போவட்டும், விடுங்க மண்டோர்! ஆட்டம் போவுது!”

இவ்வாறாக, உலகப் பேரவைகள் பல்லாண்டு விவாதித்தும் முடிக்காத ஒன்றை, சிடாம் கிரிப் பெண்டிர் தரையில் உட்கார்ந்தே முடித்தனர்.

இரண்டு பால் டின்கள் வைக்கப்பட்டன. ஒன்றில் படம், ஒன்றில் பந்து. வாக்குச்சீட்டு ரப்பர்க்கொட்டை. ஒரு சாரோங் கைலியே மறைப்புத்திரை. ஒவ்வொருவராய்ச் சென்றனர், ‘டிங்’ என்ற ஓசையோடு மீண்டனர். பிச்சையம்மாளின் முறை வந்தபோது அவள் முதலில் வெளியே சென்று கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். சாரோங்கின் பின்னே நெடுநேரம் நின்றாள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை, பக்கிரிசாமிகூட. கடைசியில் ‘டிங்’ என்றது. வெளியே வந்தவளின் முகம், புதுச்சேலை உடுத்தியவள் முகம்போல் இருந்தது.

எண்ணினர். மறுபடி எண்ணினர். ஒரே கொட்டையில் பந்து வென்றது.

ஆடவர் ஆர்ப்பரித்தனர். லூர்து மேரியின் கண் கனலாய்த் தன் படைமேல் பாய்ந்தது. காட்டிக்கொடுத்தவள் எவள்?

“நான்தான் மேரி,” என்று பிச்சையம்மாள் கைதூக்கினாள். “படத்துல எல்லாரும் அழுவுறாங்க. நான் வூட்டுலயே அழுதுக்குவேன் லா. எனக்குப் பந்துதான் புடிக்கும். இத்தன வருஷமா சன்னல்ல நின்னு அதத்தானே பாத்தேன்?”

லூர்து மேரியின் சினம் தொண்டைவரை வந்து, அங்கே வழி தடுமாறி, சிரிப்பாய் வெளியே கொட்டியது. அவள் சிரிக்க, நவமணி சிரிக்க, அந்தோணிதாஸ் பலகையிலிருந்து சரிந்து விழுந்து சிரிக்க, பக்கிரிசாமியின் மீசையும் தன்னிச்சையாய்த் துடித்தது.

“அக்கா ஓட்டு. அக்கா இஷ்டம்,” என்று எழுந்த வீரத்திருமகள், மண்டோர்முன் கைநீட்டினாள். குமிழ் கைமாறியது! செங்கோல் குடிகளிடம் சேர்ந்தது! அதை அவள் பிச்சையம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். பிச்சையம்மாள் அதைச் செருகி ஒரு சுற்றுத் திருகி, மீண்டும் பந்தின்மேலேயே நிறுத்தினாள். ஆடவர் நகர்ந்து இடம்விட, பெண்டிர் முதன்முறையாகப் பலகையில் அமர்ந்தனர். முன்வரிசை நடுவே, மகுடம் சூடாத மகாராணியாய், சிவப்பு அட்டைப் பிச்சையம்மாள் கால்மேல் கால் போட்டு வீற்றிருந்தாள்.

ஆட்டத்தில் யாரும் கோல் போடவில்லை.