அர்த்தம் பாய் தோற்ற வழக்கு

வெள்ளைக்காரத் துரைகள் காலத்துக் குன்னூரில், அர்த்தம் பாயிடம் துணி தைக்கக் கொடுத்தவர்கள் எல்லோரும் மார்க்கம் கற்ற பாதி ஆலிமாகித்தான் திரும்பினார்கள். துணிதான் திரும்பாது.

பஜாரில் எங்கள் ஜவுளிக் கடைக்கு அடுத்தது அவர் தையல் கடை. நடுவில் வெறும் பலகைச் சுவர். கப்பலேறிப் போன ஒரு துரை கொடுத்த இங்கிலீஷ் குர்ஆன் மொழிபெயர்ப்பைப் படித்துப் படித்து, மனிதர் எல்லாவற்றுக்கும் அர்த்தம் கேட்க ஆரம்பித்துவிட்டார். ஸலாம் சொன்னாலும், "அர்த்தம் தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்பார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், அதை நடத்திய ஹஜ்ரத்தைப் பள்ளிவாசல் படியிலேயே மடக்குவார். மழை கொட்டும். இருவரும் ஒரே குடைக்குள் நின்று சண்டை போடுவார்கள்.

"துரை குடுத்த பொஸ்தகத்த வச்சு மார்க்கம் பேசறீங்களா?" என்பார் ஹஜ்ரத்.

"மூளைய அல்லா குடுத்தானுங்களே! அதையும் உங்ககிட்டக் குடுத்துட்டு நான் என்னத்த வச்சுத் தைக்கறது?"

ஊர் சிரித்தது. அவர் மகள் மைமூன் அரவேணுவிலிருந்து பெட்டியோடு வந்திறங்கிய அன்று சிரிப்பு நின்றது. சோறு குழைந்துவிட்டதாம். அங்கே மளிகைக் கடை வைத்திருந்த மருமகன் ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்லிவிட்டான். மறுநாளே அல்வாப் பொட்டலத்தோடு வந்து அழுதான்.

"மூணும் சொல்லியாச்சு. முடிஞ்சு போச்சு," என்றார் ஹஜ்ரத்.

"ஒரே மூச்சுல சொன்னா அது ஒண்ணுதானுங்க. கோபம் ஆறித் திரும்பக் கூட்டிக்கிறதுக்குத்தானே தவணை வச்சிருக்குது!"

"மார்க்கச் சட்டம் வகுத்த நாலு இமாம்களயும் விட உங்க கத்திரிக்கோல் பெருசுங்களா?"

வழக்கைத் தீர்க்கப் பள்ளிவாசல் ஜமாஅத் கூடிற்று. துரை கொடுத்த புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் துணித்துண்டை அடையாளம் வைத்துக்கொண்டு பாய் கிளம்பினார். அப்போது மைமூன் பேசியது பலகைச் சுவர் வழியே எனக்கும் கேட்டது.

"அத்தா, நீங்க ஜெயிச்சா நான் அவரு ஊட்டுக்கே போகணுமில்லீங்க?"

"ஆமா கண்ணு. அதுக்குத்தானே இத்தன பாடு."

"இந்தக் கையப் பாருங்க. பழுக்கக் காச்சின கரண்டியில சுட்டது. ரவிக்கைக்குக் கை நீளமா வச்சுத் தைங்கன்னு கேட்டேனே, ஏன்னு கேட்டீங்களா? ஹஜ்ரத்தே ஜெயிக்கட்டுங்க."

பள்ளிவாசலில் பாய் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "நான் அரபி தெரியாதவன். ஹஜ்ரத் சொன்னதுதான் சரிங்க," என்றார்.

கூட்டம் கைகொட்டாத குறையாகச் சிரித்தது. ஹஜ்ரத் வாய் திறந்தபோதெல்லாம் இந்த வெற்றியைச் சொல்லிக் காட்டினார். மருமகனுக்கு அதே ஜமாஅத் வேறு பெண் பார்த்துக் கட்டிவைத்தது. பஜாரில் கண்டவனெல்லாம், "என்ன பாய், இப்ப அர்த்தம் புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டான்.

"புரிஞ்சுதுங்க," என்பார், தலை நிமிராமல்.

அவர் வாசித்ததுதான் சரி என்பது என் கட்சி. அதை அவரிடம் சொன்னதில்லை. மைமூன் மெஷினை மிதிக்க, பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருப்பார். ஒரு டீயை அவர் அருகில் வைத்துவிட்டு வருவேன்.