நாற்பது சதவீதக் கால்

"முப்பத்திரண்டு," என்றார் டாக்டர் தேவசகாயம். "நாற்பது இருந்தாத்தான் ஊனச் சான்றிதழ் கொடுக்க முடியும் சார். எட்டு குறையுது."

ராமசுவாமியின் முகம் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டவன் முகம் மாதிரி ஆகிவிட்டது. "கொஞ்சம் பாத்துப் போடப்படாதா டாக்டர்? மூணு வயசுல வந்த போலியோ. இடது கால் சூம்பித்தானே இருக்கு?"

"கால் சூம்பித்தான் இருக்கு. ஆனா நீங்க மாப்பிள்ளை அழைப்புல வர்ற மாதிரில்லா நடக்கீங்க."

வம்பே அங்கேதான் இருந்தது. பதினாறு வயதில் ஒருவன் 'நொண்டி' என்று கூப்பிட்ட அன்றே, இடது குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் ஊன்றி, தோள் அசையாமல் நடக்கப் பழகியவர் அவர். அந்த நடையிலேயே பெண் பார்க்கப் போனார். அந்த நடையிலேயே வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தேறி, ஹைதராபாத்துக்கு வந்து பொதுத்துறைக் கம்பெனியில் இருபத்தைந்து வருஷத்தை ஓட்டிவிட்டார். மனைவி அபயாம்பாள்கூட இன்றுவரை அந்தக் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளையே ஏமாற்றிவிட்டோம் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் நிறையக் குற்ற உணர்ச்சியும் உண்டு.

அப்படிப்பட்டவர் இப்போது சான்றிதழுக்கு அலைவதும் அபயாம்பாளின் முட்டிக்காகத்தான். லோத்குண்டா குவார்ட்டர்ஸில் அவர்களுக்கு மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. எழுபத்தாறில் குடிவந்தபோது ஸ்டவ்வும் சுருட்டிய மெத்தையுமாக இரண்டு பேரும் போட்டி போட்டு ஏறிய படிகள் அவை. இப்போதும் சாயங்காலம் ஆபீஸ் பஸ் வரும் நேரத்துக்குக் காய் வாங்கக் கீழே இறங்குபவள், அவரோடு சேர்ந்துதான் மேலே ஏறுவாள். ஒரு வருஷமாக, ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள்.

"சித்த நில்லுங்கோ. முட்டி பிராணனை வாங்கறது."

நிற்பார்கள். நின்ற இடத்தில் பழங்கதை ஆரம்பமாகும்.

"இந்த ஜன்னல்லேர்ந்து பாத்தா அப்போ வெறும் பாறைதானே? மயில்கூட வரும்," என்பாள். "மண்ணெண்ணெய் டின்னோட நீங்க வழுக்கி விழுந்தது இங்கதான்."

"விழலை. உக்காந்தேன்."

அந்தப் பேச்சுக்காகவே இன்னும் இரண்டு மாடி இருக்கக்கூடாதா என்று அவருக்குத் தோன்றும். ஆனால் அவள் வலியில் நிற்கும்போது அப்படி நினைப்பது பாவம் இல்லையா?

இந்தச் சமயத்தில்தான் தரைத்தளத்துக் கீழ்வீட்டில் இருந்த சம்பந்தம், பெண்ணுக்கு சாப்ட்வேர் வேலை கிடைத்த ஜோரில், மியாப்பூரில் பிளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டார். காலியான கீழ்வீட்டுக்கு, ஊனமுள்ள ஊழியருக்குத்தான் முன்னுரிமை. மனைவியின் முட்டிக்கு விதியில் இடமில்லை. மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வேண்டும்.

ஆஸ்பத்திரிச் சுவரில், மக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எழுதி பதிலோடு ஒட்டியிருந்தார்கள். ரேஷன் கார்டு அடையாளத்துக்குப் போதுமா, ரயிலில் சலுகை உண்டா, கடனுக்காகச் சம்பளத்தில் பிடிப்பார்களா எல்லாம் இருந்தது. நன்றாக நடக்கத் தெரிந்து தொலைத்தவன் என்ன செய்வது என்பது மட்டும் இல்லை.

சரி, நொண்டியே காட்டிவிடுவது என்று தீர்மானித்தார். விட்டுப்போன வித்தையாயிற்றே! விடியற்காலையில் கண்டோன்மென்ட் சாலையில் பயிற்சி எடுத்தார். மூன்றாம் நாளே எதிர்வீட்டு லலிதா பார்த்துவிட்டு, விஷயத்தை அபயாம்பாளிடம் சேர்த்துவிட்டாள்.

"கால் சுளுக்கிண்டதை ஏன்னா சொல்லலை?"

"அது... முந்தாநாள்தான்."

தொலைந்தது. பத்து நாள் தைலம், வெந்நீர் ஒத்தடம். கல்யாணமான நாளாகத் தொடவிடாத காலை அவள் மடியில் வைத்துத் தேய்த்தபோது ராமசுவாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கால் அருமையாகத் தேறியது.

"முப்பது," என்றார் டாக்டர் இரண்டாம் தடவை. "ரெண்டு குறைஞ்சிருக்கு. நல்ல விஷயந்தானே சார்."

மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று நாள். ராமசுவாமி வாசலில் கிடந்த ஒரு ஜல்லிக்கல்லை எடுத்து, ஆட்டோவில் போகும்போதே ஷூவுக்குள் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை நொண்டல் பிரமாதமாக வந்தது.

டாக்டர் பைலைப் பார்த்தார். காலைப் பார்த்தார். "சார், போலியோ வந்தது இடது கால்ல. நீங்க வலது காலை நொண்டுதீங்க. ஷூவைக் கழட்டுங்க."

கல் உருண்டு மேஜைக்கு அடியில் போயிற்று.

"இதை உங்க ஆபீசுக்கு எழுதினா என்னாகும் தெரியுமா? வேலைக்குச் சேரும்போது குறையேதும் இல்லைன்னு வேற உங்க பேப்பர்ல இருக்கு."

"எழுதுங்கோ," என்றார் ராமசுவாமி. "ஆனா நான் நொண்டிதான் டாக்டர்."

முப்பத்தாறு வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஆத்துக்காரியால மாடி ஏற முடியலை. எனக்கு அந்தக் கீழ்வீடு வேணும்."

டாக்டர் பேனாவை மூடினார். "நடிக்கவும் வேண்டாம், நடக்கவும் வேண்டாம். வெறுங்காலோட அந்தப் படியில மூணு மாடி ஏறுங்க. நிக்காம."

முதல் மாடி சுலபமாகத்தான் இருந்தது. இரண்டாவதன் பாதியில் இடது கால் வெடவெடத்தது. திருப்பத்தில் பழக்க தோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். நிற்கச் சொல்ல அபயாம்பாள் இல்லை. இன்னும் நாலு படி ஏறியவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தினம் மூணு மாடி ஏறறேனே டாக்டர். இன்னிக்கு என்னமோ..."

"நாற்பத்தைந்து," என்று எழுதினார் டாக்டர்.

சான்றிதழைப் பார்த்ததும் அபயாம்பாள் மயங்கி விழுவாள், குறைந்தபட்சம் அழுவாள் என்று ராமசுவாமி பயந்தார். அவளோ அதை நிதானமாக இரண்டு தடவை படித்துவிட்டு, சுவாமி அலமாரியில் வைத்தாள். "பால் காய்ச்ச நல்ல நாள் பாத்தேளா?" என்று மட்டும் கேட்டாள்.

குடிபெயரும் நாளில், ராமசுவாமி கீழ்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். வாணியம்பாடியிலிருந்து வந்து இருபது வருஷமாக அங்கே வாட்ச்மேனாக இருக்கும் முகமது யூசுப், தலையில் டிரங்குப் பெட்டியோடு இறங்கி வந்தார்.

"இனிமே அம்மா முட்டிக்கு விடுதலை, பாய்," என்றார் ராமசுவாமி.

யூசுப் பெட்டியை இறக்கிவைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மாவுக்கு முட்டி வலியா? யாரு சார் சொன்னது? காலையில நீங்க பஸ் ஏறினதும் வடாம் தட்டைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்கு ரெண்டு ரெண்டு படியா ஏறுவாங்க. உங்ககூட வர்றப்போ மட்டும்தான் நின்னு நின்னு ஏறுவாங்க."