ஐந்து கோப்பையும் என் மூக்கும்

என் மூக்கு சாதாரண மூக்கு இல்லை. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டில் வேறு யாரும் சொல்வதில்லை.

பகலெல்லாம் பாத்ரூம் டைல்ஸ் விற்கிறேன். சாயங்காலம் ஒரு சின்னக் கண்ணாடி கிளாஸில் இரண்டு ஸ்பூன் விஸ்கி ஊற்றி, மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு, மூக்கை உள்ளே நுழைத்துவிட்டேன் என்றால் நான் ராஜா! குடிகாரன் என்று நினைத்துவிடாதீர்கள். குடிகாரன் பாட்டிலை ஒரே நாளில் முடிப்பான். நான் எட்டு மாதம் முகர்வேன்.

என்னிடம் ஐந்து பாட்டில்கள். எல்லாவற்றிலும் கால்வாசிதான் மிச்சம். ஒன்று புகை வாசனை. ஒன்று தேன். ஒன்று உலர்ந்த திராட்சை. ஒன்று கடல் காற்று. ஐந்தாவது என் செல்லம். பதினெட்டு வருஷம் மரப்பீப்பாயில் தவமிருந்து வந்தது. இந்த ஐவரையும் ஹாலில் இருக்கும் கண்ணாடி அலமாரியில் குடிவைப்பது என்று ஒரு சனிக்கிழமை காலை தீர்மானம் போட்டேன்.

"அந்த அலமாரி என் புக்ஸுக்கு," என்றாள் மனைவி, இருமிக்கொண்டே. அவளுக்கு ஒரு வாரமாக இருமல். அவளுடைய துப்பறியும் நாவல்களுக்கு நான்கு வருஷமாகக் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டி வாசம்.

"புக்கை எங்க வேணா வைக்கலாம்மா. இது ரசனை. அஞ்சும் அஞ்சு உலகம்!"

"அஞ்சும் ஒரே நாத்தம்தானே?"

நாற்றம்! என் செல்லத்தைப் பார்த்து!

"எதுல எதை ஊத்திக் குடுத்தாலும் சொல்லுவேன். அஞ்சையும்!"

"சொல்லுங்களேன். உள்ளயும் கறுப்பா ஒரு டீக் கப் செட்டு இருக்கு, நிறம் தெரியாது. அதுல ஊத்தித் தரேன். அஞ்சும் சரின்னா அலமாரி உங்களுது. தோத்தா பாட்டிலெல்லாம் கட்டிலுக்கு அடியில."

"நாளைக்கே வச்சுக்கலாம்!"

வீரமாகச் சொல்லிவிட்டேன். மத்தியானம் அவள் குளிக்கப் போனபோது ரகசியமாக ஒத்திகை பார்த்தேன். ஐந்துக்கு இரண்டு. மறுபடி பார்த்தேன். ஐந்துக்கு ஒன்று. சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் ஓடினேன். அவரும் என்னைப் போல ஒரு மூக்குக்காரர்.

"டாக்டர், நாளைக்கு நீங்கதான் நடுவர். கிச்சன்ல நின்னு, அவ எந்தக் கப்புல எதை ஊத்தறான்னு மனசுல வாங்கிக்கங்க."

"வாங்கிட்டு?"

"நான் கப்பை எடுத்ததும் சைகை. புகைன்னா காது. தேன்னா மூக்கு. திராட்சைன்னா மோவாய். கடல்னா மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விடுங்க."

"பதினெட்டு வருஷத்துக்கு?"

"உங்க வழுக்கையைத் தடவுங்க. அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கில்ல?"

"இது மோசடி இல்லையா?"

"ஆமா. அடுத்து வாங்கற பாட்டில்ல முதல் கிளாஸ் உங்களுக்கு."

டாக்டர் யோசித்தார். "வழுக்கையை எந்தக் கையால தடவணும்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. மனைவி ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறவள். ஐந்து கோப்பைக்கும் ஒன்று, இரண்டு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். டாக்டர் தட்டோடு வந்து வைத்துவிட்டு, அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

முதல் கோப்பையைத் தூக்கினேன். டாக்டரின் மூக்குக்கண்ணாடி மேலே போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அது மேலே போன அதே நொடியில் உப்புக்காற்று என் முகத்தில் அடித்தது!

"கடல்!" என்று கத்தினேன். "அலை! ஈர மணல்!"

அவள் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். இரண்டாவது, மூக்கைச் சொறிந்தார். "தேன்! அதுவும் மலைத்தேன்!" மூன்றாவது, மோவாய். "திராட்சை! கொட்டை எடுத்தது!" நான்காவதில்தான் ஒரு சிக்கல். டாக்டர் காதைப் பிடித்தார். உடனே வழுக்கையிலும் ஒரு தட்டு தட்டினார். எனக்கு வியர்த்துவிட்டது. நல்லவேளை, தட்டியது ஈயை. காதை மறுபடி பிடித்து, பிய்ந்துவிடும்போல இழுத்தார்.

"புகை!" என்றேன். ஐந்தாவதை எடுப்பதற்குள் அவர் தலையைப் பாலிஷ் போடவே ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. "பதினெட்டு வருஷம்! என் செல்லம்!"

அவள் தாளைப் பார்த்தாள். "அஞ்சும் சரி," என்றாள்.

துள்ளிக் குதித்தேன்! டாக்டர் கை தட்டினார். அவளும் தட்டினாள். நான் டேப்பை எடுத்துப் போய் அலமாரியின் தட்டுகளை அளக்கத் தொடங்கிவிட்டேன்.

"எங்க லேப்ல ஒரு வழக்கம் உண்டுங்க," என்று நிதானமாக ஆரம்பித்தாள். "சில பேர் டெஸ்ட்டே பண்ணாம ரிப்போர்ட் எழுதிடுவாங்க. அவங்களைப் பிடிக்க ஒரே ரத்தத்தை அஞ்சு ட்யூப்ல ஊத்தி, அஞ்சு ஆளோட பேரை ஒட்டி அனுப்புவோம். அஞ்சு விதமா ரிப்போர்ட் வந்தா ஆள் அகப்பட்டான்."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா..."

"நேத்து நீங்க டாக்டர் வீட்டுக்குப் போன நேரத்துல அஞ்சு பாட்டில்லயும் ஒரே விஸ்கியை மாத்தி ஊத்திட்டேன். கடையில இருக்கறதுலயே மட்டமானது எதுன்னு கேட்டு வாங்கினது."

டாக்டரின் கை தானாகவே வழுக்கைக்குப் போனது. "ஒரு பல் பிடுங்க வேண்டியிருக்கு," என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

"எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லியிருந்தீங்கன்னா அலமாரி உங்களுது. ரெண்டு மூணு தப்பா சொல்லியிருந்தாக்கூட, பாவம் மனுஷன்னு விட்டிருப்பேன். அஞ்சும் சரியா சொல்லிட்டீங்களே!"

எனக்கு அலமாரி மறந்துவிட்டது. "என் பதினெட்டு வருஷம்? கொட்டிட்டியா?"

"சேச்சே." உள்ளே போய் ஒரு தட்டு நிறைய பாட்டில்களைக் கொண்டுவந்தாள். எல்லாம் ஒரே அளவு பழுப்புப் பாட்டில். வெறும் எண்தான் ஒட்டியிருந்தது.

"எதுல எதும்மா இருக்கு?"

"எழுதி வச்சிருக்கேன். சொல்ல மாட்டேன். அதான் உங்களுக்கு மூக்கு இருக்கே."

"ஆறு பாட்டில் இருக்கு?"

"லேப்ல எப்பவும் ஒண்ணு கூடுதலா வைப்போம். சும்மா, சரிபார்க்க."

இப்போது ஹால் அலமாரியில் துப்பறியும் நாவல்கள் ஜம்மென்று நிற்கின்றன. நான் மூன்று வாரமாகக் கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்து முகர்ந்துகொண்டிருக்கிறேன். ஆனால் இன்று காலை கண்டுபிடித்துவிட்டேன்! நான்காம் எண்! தேனும் மூலிகையும் கலந்த வாசம், தொண்டைக்குள் இறங்கும் அந்தச் சூடு, நாக்கை விட்டுப் போக மனசில்லாத அந்தக் கனம். பதினெட்டு வருஷத் தவம் வேறு எப்படி இருக்கும்? மரியாதையோடு மூன்று ஸ்பூன் குடித்துவிட்டு, அங்கிருந்தே கத்தினேன்.

"கண்டுபிடிச்சிட்டேம்மா! நாலுதான் என் செல்லம்! இன்னும் கொஞ்சம் குடிக்கப்போறேன்!"

அவள் நாவலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வேளைக்கு ரெண்டு ஸ்பூனுக்கு மேல வேணாங்க. என் இருமல் மருந்துல அப்படித்தான் போட்டிருந்துது."