செட்டுக்குக் கூண்டு

வேனுக்குள் தலையை விட்ட பகலவன், "அய்யய்யோ!" என்று அலறினான். டேப் செட்டிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயர் அறுந்து தொங்கியது. இந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை.

"இன்னா திருடன் இவன்? ஸ்டெப்னி அப்பிடியே கீது, ஜாக்கி அப்பிடியே கீது. செட்டு மேலயே கண்ணு வச்சிக்கினு கீறான்!"

ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனி ஆட்கள் சுற்றி நின்று உச்சுக் கொட்டினார்கள். தினமும் பிள்ளைப்பாக்கத்தில் ஏறும் தாவீதுதான் ஆறுதல் சொன்னான்.

"போனா போவுதுண்ணே. நாங்க பாட்டு இல்லாமயே வர்றோம்."

பகலவன் அறுந்த வயரைக் கையில் எடுத்தான். இவ்வளவு நல்ல ஜனங்களைப் பாட்டில்லாமலா ஏற்றிப்போவது? சுங்குவார்சத்திரத்தில் அத்தனை வேன்கள் இருக்க, கம்பெனி கான்ட்ராக்ட் தனக்குக் கிடைத்தது இந்தச் செட்டால்தான் என்று அவன் முழுசாக நம்பினான். செட் போனால் கான்ட்ராக்ட் போகும். கான்ட்ராக்ட் போனால் மச்சானுடைய மாவு மில்லில் கைகட்டி நிற்க வேண்டும். அதற்கு அவன் தயாராக இல்லை.

வயரை ஒட்டுப்போட்டுக் கிளம்பியவன், அன்றே வெல்டிங் கோபாலிடம் போய்ச் செட்டைச் சுற்றி இரும்புக் கூண்டு போட்டுப் பூட்டினான். சாவியை மனைவி கங்காவிடம் கொடுத்தான்.

மறுநாள் வண்டி கிளம்பிய பிறகுதான் உறைத்தது. செட்டுக்குள் இருந்தது கல்யாண சவாரிக்குப் போட்ட நாதஸ்வரக் கேசட். சத்தத்தைக் குறைக்கும் திருகும் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டது. விடியாத வேளையில் தவில் முழங்க வேன் பிள்ளைப்பாக்கத்துக்குள் நுழைந்தது. ஏறியவர்கள் எல்லோரும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்கள். தை மாசப் பனி, பாவம் என்று பகலவன் நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான். "கங்கா, சாவி எங்க?"

"பத்ரமா வச்சேன்யா. எங்க வச்சேன்னுதான் தெரில."

அந்த வாரம் முழுக்க வேனுக்குள் முகூர்த்தம்தான். அதற்குள் யாரோ கூண்டின் கம்பியையும் வளைத்துப் பார்த்திருந்தார்கள். அதை நிமிர்த்திக்கொண்டிருந்ததில் ஒரு நாள் வண்டி தாமதமானது.

கேட்டில் நின்ற சூப்பர்வைசர் ரகுபதி, "பகலவா, இன்னொரு வாட்டி லேட்டாச்சின்னா வேற வேன் பார்த்துப்பேன்" என்றார்.

பகலவனுக்குச் சோறு இறங்கவில்லை. எலக்ட்ரீஷியன் பாண்டுரங்கனைத் தேடிப்போய்ப் புலம்பினான். பாண்டுரங்கன் அரை நாள் வேனுக்கடியில் படுத்திருந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"செட்டு லைனயும் இன்ஜின் லைனயும் ஒண்ணாக்கிட்டேன். செட்டு வயர்ல கைய வச்சான், வண்டி ஸ்டார்ட் ஆவாது. திருடன் அதே எடத்துல மாட்டுவான்."

"செட்ட ஆஃப் பண்ணா?"

"இன்ஜினும் ஆஃப். பாடிக்கினேதான் ஓடும். யார்கிட்டயும் மூச்சு வுடாத."

பகலவன் மூச்சு விடவில்லை. மறுநாள் காலை ஸ்ரீபெரும்புதூரில் வழக்கம்போல் வண்டியை நிறுத்தி டீ குடித்தான். திரும்பி வந்து வண்டிச் சாவியைத் திருகினான். நாதஸ்வரமும் இல்லை, இன்ஜினும் இல்லை. கூண்டின் இடுக்கு வழியாக பிளேடை விட்டு எல்லா வயரையும் அறுத்திருந்தார்கள்.

"தள்ளுங்கப்பா! தள்ளுங்கப்பா!"

தள்ளினார்கள். பெட்ரோல் பங்க் வரை தள்ளியும் வண்டி உறுமக்கூட இல்லை. அறுந்த வயரில் எது எதோடு சேரும் என்று தெரிந்த பாண்டுரங்கன், மச்சினி கல்யாணத்துக்கு வந்தவாசி போயிருந்தான்.

ஷிப்ட் தொடங்கி வெகுநேரம் கழித்து ரகுபதி ஸ்கூட்டரில் தேடிக்கொண்டு வந்தார். இறங்கக்கூட இல்லை.

"ஆள் இல்லாம லைனே நின்னுபோச்சி. நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

ஸ்கூட்டர் போய்விட்டது. பகலவன் ரோட்டோரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். மாவு மில் கண்ணுக்குள் ஓடியது. வெட்கத்தை விட்டு அழுதான்.

"நான் யாருக்கு இன்னா கெடுதல் பண்ணேன்? இந்த ஜனங்க சந்தோஷமா வரணும்னுதானே பாடுபட்டேன்! எந்தப் பாவி இப்பிடிப் பண்ணான்?"

வேனைத் தள்ளி ஓய்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் தாவீது பக்கத்தில் வந்து குந்தினான். அவனுக்கும் அழுகை முட்டியது.

"காலைல கொஞ்சம் தூங்கிக்கினு போலாம்னு செட்ட மட்டும்தாண்ணே அறுத்தோம். கூடவே வண்டியும் நிக்கும்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"