பதினைந்து செக், முப்பது கையெழுத்து

வெளிநாட்டுப் பணம் மாற்றுவதில் என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும். அகம்பாவத்தில் சொல்லவில்லை. படித்துச் சொல்கிறேன். நான் குடிநீர் நிலையத்தில் ராத்திரி பம்ப் ஓட்டுகிறவன். மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்துக் குறிக்க வேண்டும். மிச்ச நேரத்துக்குப் பழைய பேப்பர். மற்றவர்கள் சினிமாப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் யாரும் தொடாத வர்த்தகப் பக்கம் வரைக்கும் போனவன். வேறு வழி? பேப்பர் தீர்ந்துவிடும், ராத்திரி தீராது.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு பத்து நாள் லீவு கிடைத்தது. கடல் தாண்டி ஓர் ஊருக்குப் போவது என்று முடிவாயிற்று. அன்றைக்கே சமையலறை வாசலில் நின்று அறிவித்தேன்.

"இந்தத் தடவை பணம் என் பொறுப்பு."

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எப்பவும் அது உங்க பணம்தாங்க. என்கிட்ட இருக்கு, அவ்வளவுதான்."

நான் ஏன் இவ்வளவு முறுக்கிக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் ஓர் ஏரி. ஏரிக்கரையில் ஒரு விடுதி. ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்களாம். விளம்பரத்தில் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினெட்டு வருஷமாகப் பகலில் தூங்குகிறேன். கனவுகூட வெயிலோடுதான் வருகிறது. பத்தே பத்து ராத்திரி, ராத்திரியிலேயே தூங்கிப் பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

ஆனால் அதே ஊரில் இவளுடைய அக்காவும் இருக்கிறாள். அக்கா புருஷன், அதாவது என் சகலை, பத்து மணிக்குக் கடையை மூடுவார். மூடின கையோடு வாயைத் திறப்பார். விடியற்காலை மூன்று வரைக்கும் அதற்கு ஷட்டர் கிடையாது. பணம் இவள் கையில் இருந்தால் விடுதி இல்லை, அக்கா வீடுதான். மிச்சமாகும் காசு அக்காவுக்குப் புடவையாகவும் அக்கா பிள்ளைகளுக்கு வாட்ச்சாகவும் மாறிவிடும். என் கையில் இருந்தால் ஏரி.

என் கையில் பணம் தங்காது என்பதுதான் சிக்கல். நோட்டாக வாங்கினால் ராத்திரி என் சட்டைப்பையில் இருக்கும். காலையில் தானாக நடந்து அவள் கைப்பைக்குப் போய்விடும். இதற்கு மருந்து வர்த்தகப் பக்கத்தில் கிடைத்தது. டிராவலர்ஸ் செக்! வாங்கும்போது ஒவ்வொன்றிலும் மேலே ஒரு கையெழுத்து. போகிற ஊரில் மாற்றும்போது, மாற்றுகிறவர் கண் முன்னால் கீழே இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒரே கை. என் கை! தொலைந்தால் திருப்பித் தருவார்கள். நோட்டை விட விலையும் சல்லிசு. நான் மனசு வைத்தால் ஒழியத் திறக்காத பாங்க் லாக்கர் மாதிரி ஒரு பர்ஸ். உலகத்தில் என் கையெழுத்துக்கும் ஒரு மரியாதை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப நான் ஒரு சோப்பு வாங்கணும்னாகூட உங்களத்தான் கேக்கணுமா?"

"கேட்டா குடுக்க மாட்டேனா?"

"சரிங்க."

அவள் 'சரிங்க' என்றால் நான் வழக்கமாக முதுகுக்குப் பாதுகாப்பாக நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். அன்று வெற்றி மயக்கம். கவனிக்கவில்லை.

ஆறு வாரம் அலைந்தேன். பாங்க்கில் விலை நல்ல விலை, கமிஷனைக் கேட்டால் தலை சுற்றும். டிக்கெட் ஏஜெண்ட் வாசலில் 'கமிஷன் இல்லை' என்று பலகை; கமிஷன் விலைக்குள் ஒளிந்திருந்தது. விமான நிலையத்தில் மாற்றுகிறவர்களைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. கடைசியில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் பணம் மாற்றும் கடை ஒன்றைப் பிடித்தேன். பக்கத்துத் தெரு விலையைச் சொல்லி இன்னும் கொஞ்சம் இறக்கினேன். செவ்வாய்க்கிழமை காலை வாங்க வேண்டும். ஏன் செவ்வாய் என்றால், அதை விளக்க விலை ஏறி இறங்கும் வரைபடம் ஒன்று வேண்டும். நம்புங்கள்.

"வேலை முடிஞ்சு நேரா அங்க வந்துடுங்க," என்றாள். "வீட்டுக்கு வந்தா படுத்துடுவீங்க. நான் பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வரேன்."

எவ்வளவு அனுசரணை!

போனேன். கண்ணில் மணல். மனைவி பாஸ்போர்ட்டோடு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். கண்ணாடிக் கவுண்டருக்குப் பின்னால் ஒரு பெண். பதினைந்து செக்குகளை வரிசையாக வைத்தாள்.

"மேல மட்டும் சைன் பண்ணுங்க சார்," என்று சொல்லும்போதே அவள் டெலிபோன் அடித்தது. எடுத்துத் திரும்பிக்கொண்டாள்.

இங்கே எங்கள் வேலையைப் பற்றி ஒரு விஷயம். பம்ப் நிலையத்தில் வருகைப் பதிவேடு ராத்திரி பத்து மணிக்கு மேற்பார்வையாளர் அலமாரிக்குள் போய்விடும். அவர் மறுபடி வருவது காலை எட்டு மணிக்கு. எங்கள் ஷிப்ட் முடிவது ஆறுக்கு. அதனால் நாங்கள் உள்ளே வரும்போதே, வந்ததற்கு ஒன்று, போனதற்கு ஒன்று என்று இரண்டு கட்டத்திலும் போட்டுவிடுவோம். பதினெட்டு வருஷம். கை அதுவாகவே செய்யும். தலைக்குத் தகவல் கொடுக்காது.

மேலே ஒன்று. கீழே ஒன்று. அடுத்தது. மனைவி பக்கத்தில் நின்று, போட்டதை எடுத்து, போடாததைத் தள்ளினாள். நடுவில் பேனா மக்கர் பண்ணியது. கைப்பையிலிருந்து புதுப் பேனா வந்தது.

"இதுல எழுதுங்க. நல்லா ஓடும்."

ஓடியது. கவுண்டர் பெண் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஐயோ சார்! கீழயும் போட்டுட்டீங்களா?"

பார்த்தேன். முப்பது கையெழுத்து. ஒன்றுக்கொன்று அச்சு மாதிரி.

"அங்க போய் அவங்க முன்னாடி போட வேண்டியது சார் அது. இனிமே இத எந்தக் கடையிலயும் வாங்க மாட்டாங்களே!"

எனக்குத் தூக்கம் போய்விட்டது. மனைவி கவுண்டர் பக்கம் குனிந்தாள்.

"மாத்திக் குடுக்கறவங்க பாக்க போடணும், அதானேம்மா?"

"ஆமாங்க."

"இப்ப உங்க கவுண்டர்லதான போட்டாரு? நீங்களே மாத்திக் குடுத்துடுங்க. அந்த ஊரு நோட்டாவே குடுங்க."

பெண் உள்ளே போய் மேனேஜரைக் கேட்டுவிட்டு வந்தாள். மாற்றலாமாம். அதற்கு ஒரு கமிஷன் உண்டாம். ஆறு வாரம் அலைந்து நான் மிச்சம் பிடித்த தொகை அப்படியே அந்தக் கமிஷனுக்குச் சரியாக இருந்தது. மேற்கொண்டு பஸ் காசு என் கணக்கு. நோட்டுகள் கண்ணாடிக்கு அடியில் வந்தன. நான் கை நீட்டினேன். மனைவியின் கைப்பையின் வாய் முன்னாலேயே திறந்திருந்தது.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் கேட்டேன்.

"நான் ரெண்டு இடத்துலயும் போடறத நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"பாத்தேன்."

"தடுத்திருக்கலாமில்ல?"

"தடுக்கறதுக்கா பேனா வாங்கிட்டு வந்தேன்?"

"நான் ரெண்டு தடவை போடுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பையன் ரிப்போர்ட் கார்டுல மூணு பரீட்சைக்கும் ஜூன் மாசமே கையெழுத்துப் போட்டவருதான நீங்க?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. நான் வழக்கமாகத் தூங்கும் நேரம்.

"அந்த ஏரி?" என்று கேட்டேன். குரலைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் கேட்டேன்.

"அக்கா வீட்டு மாடியிலேர்ந்து பாத்தா தெரியுமாம். அதுக்கு எதுக்குங்க தனியா வாடகை?"

"ராத்திரி?"

"அத்தான் இருக்காரே. உங்களுக்கு ராத்திரியில தூக்கம் வராதுன்னு போன வாரமே அக்காகிட்ட சொல்லிட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டாராம்."

போய் வந்தோம். ஊர் அருமை. செவ்வாய்க்கிழமை பற்றி நான் சொன்னது இன்றைக்கும் சரி. யாருக்காவது வரைபடம் வேண்டுமானால் தருகிறேன்.

பத்து நாள் லீவில் எனக்கு ஒரு ராத்திரிகூட லீவு கிடைக்கவில்லை.